தலைக்குப் போட்ட தண்ணீர்

என் தலைமுடி கறுப்பாக இருந்தது. இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிவைக்கும் அவசியம் வேறு யாருக்கும் வந்திருக்காது. பிறக்கும்போதே கறுப்பு, பதின்மூன்று வயது வரை கறுப்பு. பிறகு சில வருஷம் நிறம் கெட்டுக் கிடந்து, மறுபடி கறுத்து, இப்போது வயதுக்குத் தக்கபடி நரைத்துவிட்டது. நடுவில் கெட்டுக் கிடந்த அந்தச் சில வருஷங்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். இன்றைக்குத் தெருவுக்கு ஒரு கடை போட்டு முடியை வெளுக்கவைத்து அனுப்புகிறார்கள். பெண்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நிமிஷம் நின்று பார்க்காமல் அந்தக் கடையைத் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய சமயம் அது. நாங்கள் ஆலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா ஆலையில் சாயம் போடுகிற பகுதியில் வேலை பார்த்தார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் முழங்கை வரை நீலம் போகாது. சோறு பிசையும்போது வெள்ளைச் சோற்றில் அந்த நீல விரல்கள் போய் வருவதைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். பேச்சு குறைந்த மனிதர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசி முடித்துவிடுவார்.

அம்மா கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு மதாம் வீட்டில் வேலை செய்தாள். துணி துவைத்து இஸ்திரி போடுவது, வீடு துடைப்பது, மதாமுக்கு எடுபிடி. மதாமின் புருஷனை அம்மா 'முசே' என்பாள். அவர் ஆபீசுக்குப் போன பிறகு வேலைக்குப் போய், திரும்பி வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவர் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால்கூட, "உசரமா இருப்பாரு" என்பதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இதை இங்கே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சில் தண்ணீருக்கு 'ஓ' என்று பெயர். எங்கள் சந்தில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும், வெள்ளைக்காரர் வீட்டிலிருந்து வருகிற எந்தக் குப்பிக்கும் 'ஓ தண்ணி' என்றுதான் பேர். தண்ணித் தண்ணி என்று சொல்கிறோமே என்று ஒருவரும் யோசித்ததில்லை. துணி வெளுக்கிற ஓ தண்ணி ஒன்று உண்டு, திறந்தாலே மூக்கு எரியும். தலைவலிக்கு நெற்றியில் தடவுகிற ஓ தண்ணி இன்னொன்று, கல்யாண வீட்டில் நுழைந்தது போல மணக்கும். மதாம் வீட்டில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. கறுத்த கண்ணாடிக் குப்பி. உள்ளே இருந்தது பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும், வாசனையும் கிடையாது.

மதாமுக்கு ஓயாத தலைவலி. தலைவலி இல்லாத நாளில் முடியை வகிடு வகிடாகப் பிரித்து அந்தக் குப்பித் தண்ணீரைப் பஞ்சில் நனைத்துத் தடவிக்கொண்டு மாடி வெயிலில் உட்கார்ந்திருப்பாள். அது எதற்கு என்று அம்மா ஒருமுறை கேட்டாளாம். மதாமுக்குத் தெரிந்த தமிழ் பத்துப் பன்னிரண்டு சொல். அதில் ஒன்றை எடுத்து, உச்சந்தலையைத் தட்டிக் காட்டி, "தலெக்கு, தலெக்கு" என்றாளாம்.

தலைக்கு என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். தலைநோவுக்கு. வேறு எதற்காக ஒருத்தி தலையில் மருந்து தடவிக்கொண்டு வெயிலில் உட்காருவாள்? மதாமின் முடி வைக்கோல் நிறம். அது அவள் பிறவி நிறம் என்றுதான் அம்மா நம்பியிருந்தாள். நரைத்ததைக் கறுப்பாக்க மருந்து தேடுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இருக்கிற நிறத்தை எடுத்துப்போட ஒரு மருந்து உண்டு, அதையும் ஒரு பெண் ஆசைப்பட்டுப் போட்டுக்கொள்வாள் என்பது அவள் புத்திக்கு எட்டாத சங்கதி. யார் புத்திக்குத்தான் எட்டியிருக்கும்?

கொடி மாறியதும் மதாம் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறியது. போகும்போது மதாம் பழைய துணி, பீங்கான் கோப்பை, பாதி தீர்ந்த குப்பிகள் என்று அம்மாவுக்கு நிறையக் கொடுத்தாள். அந்தக் கறுப்புக் குப்பிகளில் இரண்டும் வந்தன. அம்மா தலைக்கு என்று தனியாக எடுத்துப் பரணில் வைத்தாள்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தேன். தலை வெடித்துவிடும் போல நோகும். அம்மாவுக்கு வேறு வேலை இல்லாத காலம், மதாம் போய்விட்டாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாசனைத் தண்ணீர் தீர்ந்ததும் கறுப்புக் குப்பியை இறக்கினாள். துணியை நனைத்து நெற்றியில் போட்டாள், வகிட்டில் விட்டுத் தேய்த்தாள், உச்சியில் பஞ்சை வைத்து அழுத்தினாள். காலையும் மாலையும் இது நடந்தது. நெற்றி சுருசுரு என்று இருக்கும். "மருந்து வேல செய்யுது, பொறுத்துக்கோடி" என்பாள். காய்ச்சல் இறங்கிய பிறகும் தலைநோவு நிற்கவில்லை என்று மதாம் செய்தது போலவே என்னை வெயிலில் உட்காரவைத்துத் தடவினாள். அவள் கை அவ்வளவு இதமாக இருந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் நினைவு வருவது அந்தக் கைதான்.

எண்ணெயும் அழுக்கும் சிக்குமாக இருந்ததால் நிறம் மாறியது தெரியவில்லை. உடம்பு தேறி, நல்ல நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்குத்தான் தெரிந்தது. துவட்டிவிட்டு முடியை விரித்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். நெற்றியோரத்திலிருந்து உச்சி வரை முடி செம்புப் பாத்திரம் துலக்கியது போல இருந்தது. அதற்குக் கீழே, தண்ணீர் வழிந்த இடமெல்லாம் பட்டை பட்டையாகப் பழுப்பு. பின்னால் மட்டும் கறுப்பு. புருவங்களும் வெளுத்துப்போயிருந்தன. கண்ணாடியில் பார்த்தபோது வேறு யாரோ என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது.

பக்கத்து வீட்டு அத்தை வந்தாள். சொந்த அத்தை இல்லை, கூப்பிடுவது அத்தை. முடியைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து, "என்னாடி இது, தென்னநாரு கணக்கா இருக்கு" என்றாள். பிறகு அம்மா முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அப்பா ஆலையிலிருந்து வந்தார். என்னைப் பார்த்தார். "என்னா இது?" என்றார். அம்மா நடந்ததைச் சொன்னாள். மதாம் சொன்னது, குப்பி, வெயில், எல்லாம் சொன்னாள். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி" என்றார்.

அந்தச் 'சரி'யை அம்மா அப்புறம் எத்தனை தரம் மென்று பார்த்தாளோ எனக்குத் தெரியாது. நம்பினேன் என்பதற்கும் சரிதான் சொல்லுவோம், காதில் விழுந்தது என்பதற்கும் சரிதான். எங்கள் அப்பா எதற்குச் சொன்னார் என்பது அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

அந்த வாரத்திலேயே குழாயடியில் பேச்சு முளைத்துவிட்டது. காய்ச்சலில் முடி கொட்டும், நிறம் மாறுமா? அவள் வேலை பார்த்தது வெள்ளைக்காரன் வீடு. அந்தப் பெண் பிறந்தபோதும் அவள் அங்கேதானே வேலை பார்த்தாள்? இத்தனை வருஷமும் முடி கறுப்பாக இருந்ததே என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். "மை பூசி மறச்சு வச்சிருந்தா. காய்ச்சல்ல கெடந்தப்ப பூச முடியல, வெளுத்துப்போச்சு." நான் அப்பாவின் நிறம், அப்பாவின் மூக்கு, அப்பாவின் கோணல் பல். அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஊர் வாய்க்கு ஒரு முழம் முடி போதுமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே மாறிவிட்டது. "ஏ பிரான்சு, ஒங்காளுங்கல்லாம் கப்பல் ஏறிட்டாங்களே, நீ ஏறலியா?" என்பார்கள். வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே அம்மாவிடம் கேட்டேன், எனக்கு ஏன் அப்படிப் பேர் வைக்கிறார்கள் என்று. அவள் என் வாயைப் பொத்தினாள். அப்பா பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. என் முடி என்னுடைய கஷ்டம் இல்லை, அம்மாவினுடைய மானம்.

எங்கள் தெருக்கோடியில் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். பிரெஞ்சு நன்றாகத் தெரியும். அம்மா குப்பியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள், என்னையும் கூட்டிக்கொண்டு. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒட்டியிருந்த சீட்டை வாசித்தார். "ஓ ஒக்சிழெனே. இது புண்ணு கழுவறதும்மா. ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் போடறாங்க. எனக்கே கால்ல போட்டாங்க, ஒண்ணும் வெளுக்கல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அது ஹைட்ரஜன் பெராக்சைடு. ஆஸ்பத்திரியில் தண்ணீர் கலந்து போடுவார்கள், மதாம் வைத்திருந்தது கலக்காதது என்று பிற்பாடு நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. வாசலில் இருந்தவர்கள் காதில் விழும்படியாகவே அவர் படித்தார். அம்மாவுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் குப்பி. அதுவும் அவளுக்கு எதிராகப் பேசிவிட்டது.

வழி சொல்ல ஆள் குறைவில்லை. பக்கத்து வீட்டு அத்தை, "கோயிலுக்கு வேண்டிக்கிட்டேன்னு சொல்லி மொட்ட அடிச்சுடு. புதுசா மொளைக்கட்டும்" என்றாள். நல்ல யோசனைதான், எனக்கும் அதுவே வேண்டும் போல இருந்தது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மொட்ட அடிச்சா, மறைக்க வேண்டியது இருந்துச்சு, மறச்சுட்டான்னு ஆயிடும்" என்றாள். அவுரி இலை அரைத்துப் போட்டால் கறுத்துவிடும் என்று இன்னொருத்தி சொன்னாள். "மை பூசறான்னு சொல்றாங்க. மையே பூசிடவா?" என்றாள் அம்மா.

மீன்காரி ஒருத்தி வைத்திக்குப்பத்திலிருந்து கூடை தூக்கி வருவாள். அம்மா அவளை அக்கா என்று கூப்பிடுவாள். அந்தச் சந்தில் அம்மாவுக்காக வாய் திறந்தவள் அவள் ஒருத்திதான். குழாயடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எங்க குப்பத்துல வந்து பாருங்கடி. உப்புக் காத்துலயும் வெயில்லயும் புள்ளைங்க தலையெல்லாம் செம்பட்டதான். எங்க எல்லாருக்கும் தொரயாடி அப்பன்?" என்று கேட்டாள். ஒருத்தி வாயையும் காணோம். அவள் கூடை தலைக்கு ஏறிய பிறகு வாய்கள் திறந்துகொண்டன, அது வேறு விஷயம்.

அவளேதான் அம்மாவிடம், "ஏந் தங்கச்சி, இவ்ளோ எதுக்கு? அந்தத் தண்ணி மிச்சம் கீதில்ல, எடுத்து ஒரு நாய் மேல ஊத்திக் காட்டேன். இல்ல ஒன் தலயிலயே கொஞ்சம் ஊத்திக்க. வெளுத்துச்சுன்னா வாய மூடிக்கினு போறாளுங்க" என்றாள்.

மீன் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. "ஊத்த மாட்டேங்கா. ஊத்திக் காட்டினா, ஊத்திப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நா கட்டிக்கிட்டவருகிட்ட சொல்லிட்டேன். அதுக்கு மேல யாருக்குச் சொல்லணும்? அவரு நம்பினாப் போதும்" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. ஊரை அவள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவள் காத்திருந்தது ஊருக்காக இல்லை. அப்பா ஒரு வார்த்தை சொல்லுவார், அந்தச் சரிக்கு மேல் இன்னொரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தாள். சோறு போடும்போது அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். ஆலையில் அவரையும் சும்மா விடவில்லை. ஒருநாள் சட்டைத் தோள் கிழிந்து வந்தார். அம்மா ஊசி நூல் எடுத்து வந்து நின்றாள். எப்படிக் கிழிந்தது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆகவே என் முடி எல்லோரும் பார்க்கும்படி வளர்ந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. வேரிலிருந்து கறுப்பு வரும், வந்து தானே பேசும் என்பது அம்மாவின் கணக்கு. கறுப்பு வருவதற்குள் இருக்கிறது உடைந்து போய்விடக் கூடாது. அதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வெளுத்த முடி ஈரத்தில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் படக் படக் என்று ஒடியும். எண்ணெய் வைத்தால் குடித்துவிட்டுப் பழையபடி வறண்டு கிடக்கும். அம்மா சீயக்காயை நிறுத்தினாள். செம்பருத்தி இலையைக் கசக்கி அந்தக் கொழகொழப்பைத் தேய்த்துத் தலை அலசினாள். வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துப் பூசினாள். சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்து ஊற்றினாள். அப்பாவுக்குக் குழம்புக்கு இல்லாமல் போனாலும் தேங்காய்ப்பால் என் தலைக்கு வந்தது. ஈர முடியைத் துண்டால் அடித்து உதறுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம், அதை நிறுத்திவிட்டு ஒற்றி எடுத்தாள். பேன் சீப்பைக் கண்ணில் காட்டவில்லை. விரலால்தான் சிக்கு எடுப்பாள், நுனியில் ஆரம்பித்து மேலே மேலே போவாள். ஒரு முடி அறுந்தாலும் அவளுக்கு எங்கோ அறுந்தது போல முகம் சுருங்கும்.

இதையெல்லாம் அவள் வாசல்படியில் உட்கார்ந்து, தெரு பார்க்கத்தான் செய்தாள். எனக்கு அவமானமாக இருக்கும். "உள்ள போயி வாரலாம்மா" என்பேன். "ஒக்காருடி. உள்ள போற வேலைய நாம செய்யல" என்பாள்.

வேரில் கறுப்பு தெரிய ஆரம்பித்தது. முதலில் வகிட்டில் ஒரு கோடு, பிறகு விரல் அகலம். "மறுபடி மை பூச ஆரம்பிச்சுட்டா" என்றார்கள் குழாயடியில். அதைக் கேட்ட அன்றைக்கு அம்மா முதல்முறையாக அழுதாள். எனக்கு அந்தப் பெண்களைக் கொன்று போட்டால் என்ன என்று இருந்தது. இப்போதும் அவர்களில் ஒருத்தியையும் நான் மன்னிக்கவில்லை. பாதிப் பேர் செத்துப்போய்விட்டார்கள், அவர்களையும் மன்னிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மா வெந்நீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் துண்டு எடுத்துக்கொண்டு போனேன். அப்பாவின் இடது கெண்டைக்காலில் உள்ளங்கை அளவு இடத்தில் ரோமம் மட்டும் செம்பட்டையாக இருந்தது. "கால்ல என்னாப்பா?" என்றேன். "சாயம்" என்று சொல்லிவிட்டு வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆலைச் சாயம் நீலமாயிற்றே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அங்கே எத்தனையோ சரக்கு இருக்கும் என்று விட்டுவிட்டேன். அம்மா மொண்ட செம்பு தண்ணீர் ஊற்றாமல் அப்படியே கையில் நின்றது. பிறகு ஊற்றினாள்.

அடுத்த வாரமோ அதற்கு அடுத்ததோ, காலைச் சங்கு ஊதி அப்பா வேலைக்குக் கிளம்பியபோது நான் அவர் முகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன். அப்பாவுக்கு நல்ல அடர்த்தியான மீசை. அது முழுக்கச் செம்பாக இருந்தது. மூன்று நான்கு நாளாகவே நிறம் மங்கிக்கொண்டு வந்ததை நாங்கள் கவனிக்காமல் இருந்திருக்கிறோம். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வழக்கமாகப் போகிற குறுக்கு வழியில் போகாமல், குழாயடி வழியாகப் போனார். தண்ணீர் பிடிக்க நின்றவர்கள், வேலைக்குப் போகிற ஆண்கள், எல்லோரும் பார்த்தார்கள்.

"மீசைக்கு என்னாய்யா ஆச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"எம் பொண்ணு தலைக்குப் போட்ட அதே தண்ணி. நானும் போட்டேன்" என்றார் அப்பா. பிறகு கேட்டவர் முகத்தைப் பார்த்து, "என்னையும் வெள்ளக்காரனுக்குப் பொறந்தவன்னு சொல்லிப் பாரு" என்றார்.

அப்பா ஊர் நடுவில் அத்தனை வார்த்தை பேசி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். பின்னாலேயே பக்கத்து வீட்டு அத்தை வந்து, "ஒம் புருசன் மாதிரி யாருக்குடி கெடைப்பான்! ஒனக்காக மீசயவே குடுத்துட்டாரே" என்றாள். மீன்காரி அன்று கூடையோடு வந்து நிஜமாகவே குலவை போட்டாள். அந்த மீசை வளர்ந்து கறுக்கும் வரை அவர் அப்படியேதான் ஆலைக்குப் போய் வந்தார். சந்தில் அந்தப் பேச்சு அத்தோடு விழுந்துவிட்டது. குழாயடியில் அம்மாவுக்கு இடம் விட்டு நிற்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் என் பழைய பேர் திரும்பி வந்தது.

சந்தோஷப்படாதவள் அம்மா ஒருத்திதான். அத்தை சொன்னதற்கு "ஆமா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் சோறு தீய்ந்து வாடை வந்த பிறகுதான் எழுந்தாள். பரணிலிருந்து குப்பிகளை இறக்கினாள். ஒன்று காலி. இன்னொன்றில் இருந்த கொஞ்சத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் குப்பியையும் அங்கேயே போட்டு உடைத்தாள். அப்பாவுக்கு எப்போதும் போலத் தட்டு வைத்தாள், எப்போதும் போலப் பரிமாறினாள். ஆனால் சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு அம்மா மேல் கோபமாகக்கூட வந்தது. ஒரு மனிதர் இவ்வளவு செய்தும் போதாதா என்று நினைத்தேன்.

முடி வளர்ந்துகொண்டே வந்தது. செம்பு உச்சியிலிருந்து காதுக்கு இறங்கியது, தோளுக்கு இறங்கியது. உடைந்தது போக மிச்சம் இருந்ததை அம்மா காப்பாற்றிக் கீழே கொண்டுவந்தாள். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பின்னலின் நுனியில் குஞ்சம் கட்டுகிற இடத்தில் மட்டும் நாலு விரல் அளவு செம்பு இருந்தது. ஊர்ப் பேச்சு வேறு எங்கெங்கோ போய்விட்டிருந்தது. யாருக்கு எந்த நாட்டுக் குடியுரிமை, யார் எங்கே போவார்கள் என்பதுதான் அப்போது எல்லோர் வாயிலும். என் முடி யாருக்கும் நினைவில் இல்லை.

ஒரு மத்தியானம் அம்மா கத்தரிக்கோல் எடுத்து வந்து என்னை வாசல்படியில் உட்காரவைத்தாள். "இத வெட்டிடலாம். போற வீட்டுக்கு இது எதுக்கு?" என்றாள். பின்னலை இடது கையில் பிடித்து நுனியை வெட்டினாள். செம்பு முடி அவள் மடியில் விழுந்தது. அப்போதுதான் கேட்டேன். இத்தனை வருஷமும் கேட்காமல் வைத்திருந்ததைப் போகிற நேரத்தில் கேட்டுவிட வேண்டும் போல இருந்தது.

"அன்னிக்கு அப்பா மீசய வெளுத்துக்கிட்டுப் போனாரே, நீ ஏம்மா சந்தோஷப்படல?"

அம்மா வெட்டின முடியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "மீச ஊருக்குடி" என்றாள். "ஊர் வாய அடைக்கப் பண்ணாரு. பெரிய மனசுதான், நா இல்லங்கல. ஆனா அதுக்கு முன்னால கால்ல ஊத்திப் பாத்தாரே, அது யாருக்கு?"

எனக்குக் கெண்டைக்காலும் செம்பட்டை ரோமமும் வேட்டியை இழுத்துவிட்ட கையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அம்மா கையில் நின்றுபோன செம்பும் வந்தது.

"யாருக்கும் தெரியாம, எனக்கும் தெரியாம ஊத்தியிருக்காரு. நா சொன்னது மெய்யான்னு அவருக்குத் தெரியணும். மீசைக்கு ஊரு காரணம். காலுக்கு நாந்தான் காரணம்."

"வெளுத்துடுச்சில்லம்மா. நீ சொன்னது மெய்னு தெரிஞ்சுடுச்சே" என்றேன்.

அம்மா முடிச் சுருளை வாயருகே கொண்டுபோய்த் தூ என்று துப்பிச் சாக்கடையில் போட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி பழசுடி. பரண்ல கெடந்தது. சத்து போயிருந்து, அந்தக் காலு வெளுக்காம இருந்திருந்தா?" என்றாள்.

ஆலைச் சங்கு ஊதியது, அவர் சாப்பிட வருகிற நேரம். அம்மா எழுந்து அவருக்குச் சோறு எடுத்து வைக்க உள்ளே போனாள்.